வயிற்றுவலி விதியா? வியாதியா?

(கோவில்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பெருங்குடல் பை வியாதியைப் பற்றிப் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சமல்ல, நரகமல்ல, ஆத்மாவுமல்ல. உங்கள் ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் இருக்கின்ற பெருங்குடலைப் பற்றியதேயாகும். "மேடையில் பேச வேறு சங்கதி கிடைக்கவில்லையா?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். ஏன் சுளிக்க வேண்டும் என்று கேட்கின்றோம். ஆத்மாவைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை; ஆனால் அதைப்பற்றி மூட்டை மூட்டையாய்ப் புத்தகங்கள் இருக்கின்றன. குடலையோ திறந்து பார்த்திருக்கிறார்கள், அளந்திருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள், வெட்டித் தைத்துமிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசினால் அசிங்கம் என்கிறார்கள். இந்த அசிங்கம் என்கின்ற எண்ணத்தினாலேயே, மலத்தோடு ரத்தம் போகின்றதைப் பெற்ற பிள்ளையிடத்திலும் கட்டிய கணவனிடத்திலும் சொல்லாமல் மறைத்து வைத்து, கடைசியில் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் வெட்கத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

தோழர்களே! இந்தக் கரிசல் சீமையில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்தால் என்ன நடக்கின்றது? முதல் நாள் "வாய்வு" என்று ஓமத்தைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அதனால் பெரிய கெடுதி ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் "குடலேற்றம்" என்று வயிற்றில் விளக்கெண்ணெயைத் தடவி அழுத்தி நீவுகிறார்கள். அல்லது பேதிக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் "யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள்" என்று மருந்து எடுக்கிறவனிடம் கூட்டிப் போகிறார்கள். அவன் வாயால் உறிஞ்சுவதுபோல் செய்து, முன்னமேயே ஒளித்து வைத்திருந்த உருண்டை ஒன்றைத் துப்பிக் காட்டிக் காசு வாங்கிக்கொள்ளுகிறான். அதோடு விடுகின்றதா? மருந்து வைத்தவள் மருமகளா, ஓரகத்தியா, பக்கத்து வீட்டுக்காரியா என்று வீட்டுக்குள் சண்டையையும் மூட்டிவிட்டுப் போகிறான். நான்காம் நாள் அம்மன் கோவிலில் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின்மேல் மாவிளக்கு ஏற்றுகிறார்கள். அய்ந்தாம் நாள், வயிறு பலகையாய் இறுகிப் பேச்சு மூச்சு அடங்கும் சமயத்தில், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பிழைத்தால் அம்மன் செயல். செத்தால் டாக்டர் குற்றம். இரண்டும் இல்லாவிட்டால் விதி. இந்தக் கணக்கு எந்த நியாயத்தில் சேர்ந்தது?

நிற்க, அந்த வயிற்றுக்குள் உண்மையில் என்ன நடந்திருக்கலாம் என்று பார்ப்போம். வயிற்றுவலிக்கு நூறு காரணங்கள் உண்டு. அவற்றில், அதிகம் பேர் பெயர்கூடக் கேட்டிராத ஒன்றையே இன்று விளக்கப் போகிறோம். மேல்நாட்டு வைத்திய நூல்களில் இதற்கு டைவர்ட்டிகுலர் வியாதி என்று பெயர். நாம் பெருங்குடல் பை வியாதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெருங்குடல் என்பது ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள ஒரு குழாய். உள்ளே மெல்லிய சவ்வு. அதைச் சுற்றிச் சதை. இந்தச் சதைச் சுவரைத் துளைத்துக்கொண்டு சிறு ரத்தக் குழாய்கள் உள்ளே போகின்றன. அவை நுழைகின்ற இடங்கள் பலவீனமானவை. குடல் சுருங்கி அழுத்தும்பொழுது, உள்சவ்வு அந்தப் பலவீனமான இடத்தின் வழியே வெளியே பிதுங்கிச் சிறு பைபோல் ஆகிவிடுகின்றது. பழைய சைக்கிளில் டயர் நைந்துபோன இடத்தில் உள்ளேயிருக்கும் டியூப் கொப்புளம்போல் பிதுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதே காரியந்தான் இது. இதில் பேய்க்கு என்ன வேலை? மருமகளுக்கு என்ன வேலை?

இந்தப் பைகள் அய்ரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் பெரும்பாலும் குடலின் இடப்பக்கக் கடைசியில், வளைந்து குறுகலாயிருக்கும் பாகத்தில் உண்டாகின்றன. குழாய் குறுகிய இடத்தில் அழுத்தம் அதிகம் என்பது தெரிந்த விஷயம். ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில் வலப்பக்கத்தில் உண்டாவது அதிகம். வலப்பக்கத்தில் உண்டாகி வீங்கினால் குடல்வால் வியாதி என்று நினைத்து ஏமாறவும் இடமுண்டு.

பை இருப்பதே வியாதியா என்றால், இல்லை. மேல்நாடுகளில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது இருக்கின்றது. நம் நாட்டில் அவ்வளவு காணப்படுவதில்லை. பை உள்ளவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து முடிகிறார்கள். நூற்றுக்கு அய்ந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அந்தப் பை அழன்று வீங்குகின்றது. அப்படி வீங்கினால் அடிவயிற்றில், பெரும்பாலும் இடப்பக்கம், விடாத வலி, காய்ச்சல், குமட்டல், மலச்சிக்கலோ பேதியோ உண்டாகும். இன்னும் சிலருக்கு வலி ஒன்றுமில்லாமலே, பையின் ஓரத்து ரத்தக் குழாய் அறுந்து, மலத்தோடு சிவப்பு ரத்தம் திடீரென்று கொட்டும். அழன்றவர்களில் ஒரு சிலருக்குச் சீழ்க்கட்டி கட்டும். அல்லது பை உடைந்து மலம் வயிற்றறைக்குள் சிந்தும். அல்லது குடலுக்கும் மூத்திரப் பைக்கும் இடையே துவாரம் ஏற்பட்டு மூத்திரத்தோடு காற்று வரும். அல்லது வழி அடைத்துப்போகும்.

இங்கேதான் தோழர்களே, மந்திரவாதியின் பிழைப்பு எங்கேயிருந்து வருகின்றது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அழன்ற பை அநேகருக்குச் சில நாட்களில் தானாகவே அடங்கிவிடுகின்றது. ரத்தப் போக்கும் நாலில் மூன்று பேருக்குத் தானாகவே நின்றுவிடுகின்றது. ஆகவே பத்துப் பேருக்குத் திருநீறு போட்டால் ஏழெட்டுப் பேருக்குச் சௌக்கியமாகிவிடும். திருநீறு போடாவிட்டாலும் அதே ஏழெட்டுப் பேருக்குச் சௌக்கியமாகும். இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சுகமான ஏழெட்டுப் பேரும் ஊரெங்கும் போய்ச் சாமியாரின் மகிமையைப் பேசுகிறார்கள். சுகமாகாத இரண்டு பேர் பேசுவதற்கு இருப்பதில்லை.

அன்றியும், பை அழன்றிருக்கும் சமயத்தில் வயிற்றை அழுத்தி நீவுவதும், கடும் பேதி மருந்து கொடுப்பதும் நன்மை செய்யாதது மட்டுமல்ல. நைந்திருக்கும் இடத்தை உடைத்துவிடக்கூடிய ஆபத்தான காரியமுமாகும்.

இனி இது ஏன் வருகின்றது என்கின்ற கேள்விக்கு வருவோம். "முன் ஜென்ம பாவம்" என்று ஒரு பதில் இருக்கின்றது. அந்தப் பதிலில் ஒரு சௌகரியமுண்டு. அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் யோசித்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லுகிறோம்.

பிரெஞ்சு தேசத்து அலெக்சிஸ் லித்ரே என்பவர் 1700-ஆம் ஆண்டு வாக்கிலேயே குடலில் இப்படிப் பை இருப்பதைக் கண்டு எழுதினார். 1849-ல் அதே தேசத்துக் குருவேயே என்பவர் தெளிவாய் விவரித்தார். ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டு பிறக்கின்றவரை அது அபூர்வ வஸ்துவாகவே கருதப்பட்டது. அதன்பின் மேல்நாடுகளில் பெருகிற்று. ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் பல ஆண்டுகள் ரண சிகிச்சை செய்துவந்த டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்துக்காரர், அங்குள்ள கிராமத்து ஜனங்களுக்கு இந்த வியாதி காணப்படவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். அவரும் லண்டன் டாக்டர் நீல் பெயின்டரும் சேர்ந்து 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆலையில் மாவை வெள்ளை வெளேரென்று அரைத்து, தவிட்டை நீக்கிவிட்டதால், உணவில் நார் குறைந்தது. மலம் இறுகிச் சிறுத்தது. அதைத் தள்ளக் குடல் அதிகமாய் அழுத்த வேண்டியதாயிற்று. அதனால் பை உண்டாயிற்று என்பது அவர்கள் வாதம்.

இதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர், இந்தியாவில் ஒவ்வொரு பிரதேசத்தாரும் தின்கின்ற உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பரீட்சை செய்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் கொழுத்து ஆரோக்கியமாய் வளர்ந்தன. தீட்டிய அரிசியை முக்கியமாய்க் கொண்ட தென்னாட்டு ஏழை உணவைத் தின்ற எலிகள் நலிந்து நோயுற்றன. அவருடைய ஆராய்ச்சி நிலையமே பின்னால் 1958-ல் அய்தராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அந்த நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. அதே எடைக் கம்பில் 11 கிராமுக்கு மேல், சோளத்தில் 10, கேழ்வரகில் 11, தோலோடு உள்ள முழுப் பாசிப்பயற்றில் 17, முழு உளுந்தில் 20. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 25 முதல் 30 கிராம்.

இந்தக் கரிசல் காட்டில் விளைந்தது எது? கம்பும், சோளமும், குதிரைவாலியும், பாசிப்பயறும், உளுந்துந்தானே? நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கண்ணில் படுகின்ற பண்டமாய்த்தானே இருந்தது? கம்பு தின்றவன் தாழ்ந்தவன், நெல்லுச்சோறு தின்றவன் உயர்ந்தவன் என்று தானியத்துக்கும் ஒரு ஜாதியைக் கற்பித்தார்கள். அதன் பலனாய் விருந்தாளி வந்தால் கம்பஞ்சோற்றைப் பானையோடு மறைத்தார்கள். ஏழைக்கு நெல்லுச்சோறு கிடைத்தது நல்ல காரியமே. அதை நாம் குறை சொல்லவில்லை. பசி தீர்ந்தது பெரிய விஷயம். ஆனால் கவுரவத்துக்காக, உள்ள சத்தையெல்லாம் தீட்டி எறிந்துவிட்டு வெள்ளைச் சோற்றைக் குவித்து, தொட்டுக்கொள்ள ஒரு துளி ஊறுகாயோடு முடித்துக்கொள்வது கவுரவமா, அறிவீனமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் கேட்டவுடன் மற்றொரு கூட்டத்தார் எழுந்து, "பார்த்தீர்களா! நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள்! கம்பங்கூழ் குடித்தால் ஒரு வியாதியும் வராது!" என்று கிளம்பிவிடுகிறார்கள். 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அய்க்கிய நாடுகள் சபை கொண்டாடியது முதல், குதிரைவாலியைக் கண்ணாடித் தாளில் கட்டித் தாயத்து விற்பதுபோல் விற்கிறார்கள். இவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் நம் ஜனங்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷமே. பை வியாதியோ கிழப்பருவத்தில் வருவது. கிழப்பருவம் வரைக்கும் ஆளே இல்லையானால் வியாதி எப்படித் தெரியும்? தவிரவும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கின்ற கருவி 1969-க்குப் பிறகே வழக்கத்துக்கு வந்தது. பார்க்காததை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கம்பு நல்ல தானியம், அதனால் தின்னுங்கள். முன்னோர் தின்றார்கள் என்பதற்காகத் தின்ன வேண்டியதில்லை.

தோழர்களே! டாக்டர்கள் சொன்னதையும் நாம் வேதமாகக் கொள்ளவில்லை. அவர்களுக்குள்ளேயும் அய்தீகங்கள் இருந்திருக்கின்றன. ஏறக்குறைய 50 வருஷகாலம், பை உள்ளவர்கள் நாருள்ள உணவையே தொடக்கூடாதென்று மேல்நாட்டு டாக்டர்கள் கட்டளையிட்டு வந்தார்கள். பெயின்டரும் பர்க்கிட்டும் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். அதன்பின் அவர்கள் சொன்னதும் பரீட்சைக்கு வந்தது. 2012-ல் அமெரிக்காவில் 2,000-க்கு மேற்பட்டவர்களின் குடலைக் கருவியால் பார்த்தபொழுது, நார் அதிகம் தின்றவர்களுக்குப் பை குறையவில்லை, சற்று அதிகமாகவே இருந்தது என்று கண்டார்கள். மலச்சிக்கலினால்தான் பை உண்டாகின்றது என்பதும் அதில் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பை அழன்று வீங்கி ஆஸ்பத்திரிக்கு வருவது நார் அதிகம் தின்கின்றவர்களுக்குக் குறைவு என்பது பிரிட்டனில் 47,000 பேரைக் கவனித்து 2011-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் தெரிகின்றது. அதாவது, பை ஏன் உண்டாகின்றது என்பதற்கு நார் ஒன்றே காரணமல்ல. உண்டான பை தொல்லை கொடுக்காமலிருக்க நார் உதவுகின்றது. பழைய முடிவு தவறென்று தெரிந்தால் அதைத் திருத்தி எழுதுகிறார்கள். எந்தப் புராணத்தில் இப்படித் திருத்தம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்கின்றோம்.

அந்த பிரிட்டன் ஆராய்ச்சியில் மாமிசம் தின்னாதவர்களுக்கு இந்த வியாதி நூற்றுக்கு 31 பங்கு குறைவாயிருந்தது. இதைக் கேட்டுச் சைவர்கள் குதிக்க வேண்டாம். மற்றோர் ஆராய்ச்சியில் கெடுதல் செய்வதாய்க் கண்டது ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி போன்ற சிவப்பு மாமிசத்தை மிதமிஞ்சித் தின்பதே. அதற்குப் பதில் கோழியும் மீனும் தின்றவர்களுக்கு ஆபத்துக் குறைந்தே இருந்தது. நெய்யும் வெள்ளைச் சோறும் அப்பளமுமாய்த் தின்றுவிட்டுத் திண்ணையில் சாய்கின்ற சைவரைச் சைவம் காப்பாற்றாது.

இன்னும் என்னென்ன காரணங்கள்? முதலாவது வயது. இரண்டாவது பரம்பரை, சுவீடனிலும் டென்மார்க்கிலும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்ததில், இந்த வியாதியில் பாதியளவு பரம்பரை உடற்கூற்றினால் வருவதாய்த் தெரிந்தது. மூன்றாவது உடல் பருமன். நான்காவது உழைப்பின்மை. அய்ந்தாவது பீடி, சிகரெட். ஆறாவது, தாய்மார்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, உடம்புவலி மாத்திரைகள். களையெடுத்து முதுகு நொந்தவர்களும், தீப்பெட்டி ஆபீசில் நாளெல்லாம் குனிந்திருந்து இடுப்பு நொந்தவர்களும் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகின்ற டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் முதலிய மாத்திரைகள் இந்தப் பை அழல்வதற்கும், உடைவதற்கும், ரத்தம் கொட்டுவதற்கும் துணை செய்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரைகளும் அப்படியே. ஆனால் இருதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நம் பேச்சைக் கேட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. கொடுத்தவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இந்த ஆறு காரணங்களில் முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மற்ற நான்கும் பெரிதும் நம் கையில் இருக்கின்றன. ஏழாவதாகத் தலையெழுத்து என்று ஒன்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனிச் சிகிச்சை. வயிற்றுவலி விடாமலிருந்து காய்ச்சலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேன் என்கின்ற படமும் எடுத்தால் பை அழன்றிருக்கின்றதா, கட்டி உண்டா, உடைந்திருக்கின்றதா என்பது தெரிந்துவிடும். அழற்சி மிதமாயிருந்தால் சில நாள் நீராகாரம், பிறகு மெதுவான உணவு, வலிக்குப் பாரசிட்டமால் போதும். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்குமே கிருமிநாசினி மருந்து கொடுத்து வந்தார்கள். அது அவசியந்தானா என்று சுவீடனிலும் அய்ஸ்லாந்திலும் 623 பேரை இரு பங்காக்கி, ஒரு பங்குக்குக் கொடுத்தும் மறு பங்குக்குக் கொடுக்காமலும் பார்த்து, 2012-ல் வித்தியாசமில்லை என்று கண்டார்கள். நெதர்லாந்திலும் 2017-ல் அப்படியே கண்டார்கள்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. 1901-ல் ஏற்பட்ட இவ்வூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? ஒரே கரிசல் நிலத்தைப் பாத்தி பாத்தியாய்ப் பிரித்து, ஒன்றில் இந்த விதை, ஒன்றில் அந்த விதை போட்டு, இரண்டையும் அளந்து பார்த்துத்தானே நல்ல ரகம் எதுவென்று சொல்லுகிறார்கள்? பருத்திக்கு ஒரு நியாயம், வயிற்றுக்கு ஒரு நியாயமா? மாவிளக்கு ஏற்றியவர் நூறு பேர், ஏற்றாதவர் நூறு பேர் என்று எந்தக் கோவிலிலாவது பாத்தி கட்டிக் கணக்கெடுத்ததுண்டா?

ஆனால் மேலே சொன்னது மிதமான நோய்க்கே. கர்ப்பிணிகளுக்கும், உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், கடுமையான காய்ச்சல் உள்ளவர்களுக்கும், சிக்கலான நோய்க்கும் கிருமிநாசினி மருந்து அவசியம். எது மிதம், எது கடுமை என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டரே. பெரிய சீழ்க்கட்டியைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசிக் குழாயால் வடித்துவிடுகிறார்கள். பை உடைந்து வயிறு முழுதும் மலம் சிந்திவிட்டால் ரண சிகிச்சை தவிர வேறு வழியில்லை. கெட்ட பாகத்தை வெட்டியெடுத்து, சமயத்தில் வயிற்றின் மேல்புறத்தில் மலம் போக ஒரு வாயை வைத்துப் பையைக் கட்டி அனுப்புவார்கள். அநேகருக்குச் சில மாதம் கழித்து அதை மூடிவிடலாம். அப்படிப் பை கட்டிக்கொண்டிருப்பவரைத் தீட்டென்று ஒதுக்கி வைக்கின்ற வீடுகளும் உண்டு. தோழர்களே, ஒவ்வொருவர் வயிற்றிலும் உள்ளே இருப்பதுதான் அவருக்கு வெளியே இருக்கின்றது. இதில் என்ன தீட்டு?

அழற்சி அடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழிந்தபின், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது பலருக்கு அவசியமாயிருக்கும். ஏனென்றால் பெருங்குடல் புற்றுநோயும் இதே வேஷத்தில் வருவதுண்டு. மலத்தில் ரத்தம் கண்டவர் எவராயிருந்தாலும் "மூலம்தான்" என்று தாமே முடிவு செய்துகொண்டு சும்மா இருக்கலாகாது.

ஒரு பெரிய மனிதர் சங்கதியையும் சொல்லுகிறோம். உலகத்துக் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் குருவாயிருந்த போப் பிரான்சிஸ் அவர்களுக்கு இதே பை வியாதியால் குடல் வழி குறுகிவிட்டது. அவருக்கு அப்பொழுது வயது 84. ஜெபம் செய்ய உலகமெல்லாம் ஆளுண்டு. புண்ணிய தீர்த்தத்துக்கும் பஞ்சமில்லை. அவர் என்ன செய்தார்? 2021 ஜூலை 4-ஆம் தேதி ரோமாபுரி ஜெமெல்லி ஆஸ்பத்திரிக்குப் போய், 33 சென்டிமீட்டர் குடலை வெட்டியெடுத்துக்கொண்டு, பத்து நாள் இருந்து திரும்பினார். பிறகு 2025 ஏப்ரலில் காலமாகும் வரை வேலை செய்தார். நாம் அவரைப் பரிகாசம் செய்யவில்லை. புத்திசாலித்தனமான காரியம் செய்தார் என்றே சொல்லுகிறோம். ஆனால் போப்புக்கே கத்தி தேவைப்படுகின்றபொழுது, கூலிக்காரனுக்கு மட்டும் மந்திரம் போதும் என்று சொல்லுகின்றவன் யார்?

இப்பொழுது ஒரு தோழர் சீட்டெழுதிக் கொடுத்திருக்கிறார். "குடலில் பை உள்ளவர்கள் கடலைமிட்டாய் தின்னலாமா? கடலைத் துணுக்கு பையில் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?" என்று கேட்கிறார். கோவில்பட்டியில் கேட்க வேண்டிய கேள்விதான். இவ்வூர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கின்றது. கடலை, விதை, சோளப்பொரி ஆகியவை பைக்குள் சிக்கி அழற்சி உண்டாக்கும் என்று டாக்டர்களே வெகுகாலம் சொல்லி வந்தது வாஸ்தவம். யாரும் பரீட்சித்துப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை, தோன்றியதைச் சொன்னார்கள். 2008-ல் அமெரிக்காவில் 47,000-க்கு மேற்பட்ட ஆண்களை 18 வருஷம் கவனித்து வெளியிட்ட கணக்கில், கடலையும் பொரியும் அதிகம் தின்றவர்களுக்கு இந்த வியாதி அதிகம் வரவில்லை. சற்றுக் குறைவாகவே வந்தது. ஆகவே அந்தப் பயம் ஆதாரமற்றது. அழற்சி இருக்கின்ற நாட்களில் மட்டும் கடினமான எதையும் தின்ன வேண்டாம். மற்ற நாட்களில் தாராளமாய்த் தின்னலாம். ஆனால் அதில் வெல்லம் இருக்கின்றதென்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

மற்றொரு சீட்டில், ஒரு தாயார், "நார் தின்னுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்கிறீர்களே, தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமெங்கே?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு நாம் தலை வணங்குகிறோம். இருட்டிய பிறகே கருவேலங்காட்டுக்குப் போக முடியும் என்பதற்காகப் பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்து, மலத்தை அடக்கி வைத்திருக்கின்ற பெண்கள் இருப்பது உண்மை. மலத்தை அடக்குவதால் பை வருமென்று நிரூபிக்கப்படவில்லை; ஆனால் மலச்சிக்கலும், மூலமும், மூத்திரக் கோளாறும் வருவதற்கு அது போதும். எனவே கோவிலுக்கு வரி போடுகின்ற ஊர் முதலில் பெண்களுக்குத் தண்ணீரோடு கூடிய கக்கூசைக் கட்டட்டும். வேலை வாங்குகின்ற ஒவ்வொரு ஆபீசும், ஆலையும் அதைக் கட்டட்டும். அதைக் கழுவ இன்ன ஜாதியார்தான் வரவேண்டும் என்கின்ற அயோக்கியத்தனமும் ஒழியட்டும். அவரவர் வயிற்றில் உண்டானதை அவரவரே கழுவுவதில் ஒரு மானக்கேடும் இல்லை.

முடிவாக நாம் சொல்லுவது இதுதான். வாரத்தில் சில வேளையாவது கம்பும் சோளமும், தினமும் தோலோடு பயறும் கீரையும் காயும் தின்னுங்கள். நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு உப்பும். மெல்ல மெல்லக் கூட்டித் தண்ணீரையும் கூட்டுங்கள். பீடியை விடுங்கள். நடங்கள். உடம்புவலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தின்னாதீர்கள். வயிறு பலகைபோல் இறுகினாலும், குளிரும் காய்ச்சலும் வந்தாலும், ஓயாமல் வாந்தியெடுத்தாலும், காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினாலும், மலத்தில் ரத்தம் கொட்டி மயக்கம் வந்தாலும் வயிற்றை நீவாதீர்கள், பேதி கொடுக்காதீர்கள், 108-க்குச் சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவ்வூரிலும் இருக்கின்றது, அங்கே முடியாததற்குத் தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அவை உங்கள் வரிப்பணத்தில் நடப்பவை. அங்கே மரியாதையோடு நடத்தும்படி கேட்பதும் உங்கள் உரிமை.

நாம் டாக்டரல்ல. படித்தவர்கள் எழுதியதைப் படித்து, விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் முன் வைத்தோம். அதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுச் சரிபாருங்கள். வீட்டில் யாருக்காவது நாளை வயிற்றுவலி வந்தால், "யார் மருந்து வைத்தது?" என்று கேட்பதை விட்டு, "எந்த இடத்தில் வலிக்கின்றது? காய்ச்சல் உண்டா? ரத்தம் போகின்றதா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப் பழகிவிட்டால், மருந்து எடுக்கிறவன் வேறு தொழில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.